தரையில் உட்காரத் தெரிந்த கால்

1960களில் ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் மருத்துவமனைக்கு ஒரு வகை நோயாளிகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ரயிலில் அடிபட்டோ, சாலை விபத்திலோ, ஆறாத புண் அழுகியோ காலை இழந்தவர்கள் அவர்கள். ஏற்கெனவே செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர்கள்தாம். அதற்காக ஊர்விட்டு ஊர் போய், நாள்கணக்கில் காத்திருந்து, குடும்பத்தின் சக்திக்கு மீறிச் செலவழித்திருந்தார்கள். ஆனால் மறுபடி வந்தபோது அந்தக் கால் உடம்பில் இல்லை. அது வீட்டு மூலையில் கிடந்தது. பழைய ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டுதான் வந்து நின்றார்கள்.

எலும்பு மருத்துவப் பிரிவின் தலைவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி. 1927ல் காசியில் பிறந்தவர். தந்தை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மகன் ஆக்ராவில் மருத்துவம் படித்து, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுத் திரும்பி, ஜெய்ப்பூரில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1958ல் எலும்பு மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மேல்நாட்டுப் பாடநூல் சொன்னதையே கற்றவர்தான் அவரும். நல்ல கால் கொடுத்தாயிற்று, பழகத் தெரியாமல் கழற்றிவிட்டார்கள் என்று எழுதி அவர் கோப்பை மூடியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார்.

பதில்கள் மருத்துவப் புத்தகத்தில் இல்லாதவை. அந்தப் பாதத்தை ஷூவுக்குள் நுழைத்தால்தான் நடக்க முடியும். ஷூவோடு சமையலறைக்குள் எப்படிப் போவது? கோயில் வாசலில் என்ன செய்வது? சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கினால் ஷூ ஊறிப்போகும், உள்ளே இருக்கும் பாதமும் கெட்டுப்போகும். சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார முடியவில்லை. காலைக்கடனுக்குக் குத்தவைத்து உட்கார முடியவில்லை. வரப்பில் நடந்தால் கால் புரண்டு ஆளைத் தள்ளுகிறது. நடப்பதற்காகக் கொடுத்த கால், நடப்பதைத் தவிர அவர்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றது.

ஒரு ராஜஸ்தான் கிராமத்து மனிதரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் அவர்களுடைய சிக்கல் புரியும். தரையில் விரித்த படுக்கையிலிருந்து எழுகிறார். வெறுங்காலோடு வெளியே போய்க் குத்தவைத்து உட்காருகிறார். அடுப்பும் தரையில், சாப்பாடும் தரையில். வயலில் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் வேலை. மாலையில் நாலு பேரோடு பேச உட்காருவதும் தரையில்தான். அவர் வாழ்க்கையில் நாற்காலிக்குப் பெரிய இடமில்லை. மேல்நாட்டுப் பாதமோ நாற்காலியையும் மேசையையும் சமதளத் தரையையும் நம்பி வடிவமைக்கப்பட்டது.

நாற்காலி தேசத்துப் பாதம்

இழந்த உறுப்புக்கு ஈடு தேடும் முயற்சி மிகப் பழையது. போரில் காலை இழந்த விஷ்பலாவுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் தந்ததாக ரிக்வேதம் பேசுகிறது. எகிப்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் காலில் மரத்தால் செதுக்கிய கட்டைவிரல் கிடைத்திருக்கிறது. தோல் வார் கோத்து, மடங்கும்படி செய்த விரல் அது. எகிப்தியர்கள் அணிந்த வார்ச்செருப்பு காலில் நிற்க வேண்டுமானால் கட்டைவிரல் வேண்டும். ஊர் எப்படி நடக்கிறதோ அதற்கேற்ற உறுப்பைச் செய்ய வேண்டும் என்று அந்தப் பெயர் தெரியாத தச்சருக்குத் தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் இந்தத் துறையை வளர்த்தவை பெரும்பாலும் போர்கள். 1861 ஜூனில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் ஹேங்கர் என்ற 18 வயது இளைஞர் பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலைப் பறிகொடுத்தார். தனக்குக் கிடைத்த மரக்கால் பிடிக்காமல், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கி, முழங்காலிலும் கணுக்காலிலும் மடங்கும் காலொன்றைத் தானே செய்துகொண்டார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அமெரிக்காவில் இயங்குகிறது. இரண்டு உலகப் போர்களும் லட்சக்கணக்கில் கால் இழந்த வீரர்களை வீட்டுக்கு அனுப்பின. இந்தியாவிலும் 1944ல் புனேயில் ராணுவம் செயற்கை உறுப்பு மையத்தை நிறுவியது அந்தச் சூழலில்தான்.

1950களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘சாக்’ பாதம் உலகெங்கும் பரவியது. உள்ளே கெட்டியான மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ஓர் ஆப்பு, அவ்வளவுதான். கணுக்காலில் எந்த மூட்டும் கிடையாது. குதிகால் தரையில் பட்டதும் ஆப்பு அமுங்கும். அந்த அமுக்கமே கணுக்கால் அசைவதுபோன்ற உணர்வைத் தரும். தேயும் பாகங்கள் இல்லை, விலை அதிகமில்லை, பழுதும் குறைவு. ஷூ போட்டு, சமமான தரையில் நடந்து, நாற்காலியில் உட்காருகிறவருக்கு அது அருமையான கண்டுபிடிப்பு. அதனால்தான் இந்தியாவிலும் அதையே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

தரையில் வாழ்கிறவருக்கு வேண்டிய அசைவுகள் வேறு. குத்தவைத்து உட்காரும்போது கணுக்காலுக்கு மேலுள்ள கால் முன்பக்கமாகச் சாய்ந்து பாதத்தை நெருங்க வேண்டும். கணுக்கால் விறைத்து நின்றால் குதிகால் தூக்கிக்கொள்ளும், ஆள் பின்னால் மல்லாந்து விழுவார். சம்மணமிடும்போது பாதத்தின் வெளி விளிம்பு தரையில் படிவதால், பாதம் உட்புறமாகத் திரும்ப வேண்டும். கரடுமுரடான நிலத்தில் பாதத்தின் ஒரு பக்கம் மேட்டிலும் மறுபக்கம் பள்ளத்திலும் இருக்கும், அதற்கேற்பப் பாதம் சாய்ந்துகொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் ஓர் இந்திய விவசாயிக்கு அது கால். கூடவே இன்னொரு கட்டாயமும் உண்டு. ஷூவுக்குள் மறையாத பாதத்தை ஊரே பார்க்கும். எனவே அது பாதம் மாதிரியே இருக்க வேண்டும். விரலும் வேண்டும், மாநிறமும் வேண்டும்.

பஞ்சர் கடையில் கிடைத்த விடை

சேத்திக்குக் கேள்வி தெரிந்தது. விடையைக் கையில் வைத்திருந்தவர் அதே மருத்துவமனையில் வேறொரு வேலையில் இருந்தார். அவர் ராம் சந்திர சர்மா. சிற்பமும் கைவினையும் பரம்பரையாகச் செய்த குடும்பத்தில் வந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க மருத்துவமனை அவரை அமர்த்தியிருந்தது. எல்லோரும் அவரை ‘மாஸ்டர்ஜி’ என்றார்கள். செயற்கைக் காலோடு தடுமாறுகிறவர்களை அவர் தினமும் பார்த்தார். ஒரு சிற்பிக்கு அந்தக் காலின் குறை எளிதில் கண்ணில் பட்டது. வடிவத்திலும் அது கால் இல்லை, அசைவிலும் அது கால் இல்லை.

மருத்துவரும் சிற்பியும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். டாக்டர் எஸ்.சி. காஸ்லிவால் உள்ளிட்ட சக மருத்துவர்களும் துணை நின்றார்கள். எலும்புகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எந்த மூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சேத்தி விளக்குவார். மாஸ்டர்ஜி அதைப் பொருளில் வடித்துப் பார்ப்பார். மரத்தில் செதுக்கினார்கள், பஞ்சு ரப்பரில் முயன்றார்கள், அலுமினிய அச்சில் வார்த்தார்கள். ஒன்று உடைந்தது, ஒன்று வளையவில்லை, இன்னொன்று எடை தாங்கவில்லை.

திருப்பம் சாலையோரத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள். மாஸ்டர்ஜி மருத்துவமனைக்கு மிதிவண்டியில் போகும்போது சக்கரம் பஞ்சரானது. ஒட்டுப்போட நிறுத்திய கடையில், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் வைத்துச் சூடேற்றி வல்கனைசிங் செய்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர்ஜி பார்த்துக்கொண்டே நின்றார். டன் கணக்கில் பாரம் ஏற்றி, கல்லிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் பொருள் அது. வளைகிறது, ஆனால் உடைவதில்லை. நனைந்தாலும் கெடுவதில்லை. மருத்துவமனைக்குள் தேடிக் கிடைக்காதது தெருவில் உருண்டுகொண்டிருந்தது.

சார்ல்ஸ் குட்இயர் 1839ல் அமெரிக்காவில் கண்ட வழி அது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் இழுவையும் ஒருங்கே கிடைக்கும். ஒன்றேகால் நூற்றாண்டாக உலகம் அறிந்திருந்த செய்முறையை, இந்தியாவின் எல்லா ஊர் டயர் கடையும் அறிந்திருந்த கைவேலையை, யாரும் செயற்கைக் காலோடு சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. காலுக்கான ஆராய்ச்சி ஓர் உலகமாகவும், டயர் கடை வேறோர் உலகமாகவும் இருந்தன. மிதிவண்டியை நிறுத்திய ஒரு சிற்பிதான் இரண்டிலும் கால்வைத்திருந்தார்.

பாத வடிவ அச்சோடு டயர் கடைக்கே போய் முதல் ரப்பர் பாதத்தை வார்த்தார்கள். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டதாக ஒரு செய்தி உண்டு. ஆனால் முதல் பாதம் வெற்றி பெறவில்லை. முழுக்க ரப்பர் என்பதால் கனத்தது, சில நாள் நடையிலேயே கிழிந்தது. அங்கேயும் டயரே வழிகாட்டியது. டயர் கெட்டி ரப்பரால் ஆன கட்டி கிடையாது. உள்ளே காற்று, வெளியே நூலிழை பின்னிய ரப்பர் உறை. அதே தந்திரத்தை மாஸ்டர்ஜியும் சேத்தியும் பாதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

குதிகாலுக்கு ஒரு பஞ்சு ரப்பர்த் துண்டு, முன்பாதத்துக்கும் விரல்களுக்கும் இன்னொன்று, கணுக்காலில் மரக்கட்டை. மரக்கட்டையிலிருந்து மேலே நீளும் ஒரு போல்ட், காலின் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இவை மூன்றும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்படாமல் தனித்தனித் துண்டுகளாக நிற்பதால்தான் பாதம் எல்லாப் பக்கமும் வளைகிறது. இவற்றைச் சுற்றி டயர் நூல் ரப்பரை அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, அடிப்பாதத்தில் டயரின் மேல்ரப்பரை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே தோல் நிற ரப்பரைப் போர்த்தி, உலோக அச்சில் அடைத்து வேகவைத்தார்கள். அச்சைத் திறந்தால் விரலும் நகமும் தெரியும் ஒற்றைப் பாதம் கிடைத்தது. அதற்குள் தண்ணீர் புகாது. ஷூ வேண்டாம், விரும்பினால் செருப்பு போட்டுக்கொள்ளலாம். 1968ஐ அந்தப் பாதம் பிறந்த ஆண்டாகச் சொல்கிறார்கள். பெயர் ஊரின் பெயரிலேயே நிலைத்தது, ஜெய்ப்பூர் கால்.

ஏறத்தாழ அதே காலத்தில் வேலூர்ப் பக்கம் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கொல்லிமலையில் 1914ல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் கரிகிரி மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளுக்காக உழைத்தவர். தொழுநோய் விரல்களையும் பாதத்தையும் தானாக அரித்துத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பியது. பிராண்டு நோயாளிகளின் அன்றாடத்தைக் கவனித்து வேறு காரணம் கண்டார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் கல்லும் முள்ளும் கடினச் செருப்பும் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண்ணாக்குகின்றன. அப்படியானால் மருந்தோடு செருப்பும் சிகிச்சைதான். நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற செருப்பு அங்கே உருவாகி, ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்ற பெயரில் தொழுநோய் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. ஜெய்ப்பூர் பாதத்துக்குள் மெத்தையாக அமர்ந்திருப்பதும் அந்த வகை ரப்பரே. இரண்டு இடத்திலும் மருத்துவர்கள் நோயாளி எங்கே மிதிக்கிறார், எதில் நடக்கிறார் என்று குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

பட்டறை மருத்துவமனை ஆனது

நல்ல பொருள் பிறந்துவிட்டால் தானாகப் பரவிவிடும் என்பதில்லை. முதல் ஏழு ஆண்டுகளில் ஜெய்ப்பூர் கால் சில பத்துப் பேருக்குத்தான் கிடைத்தது. துறை வல்லுநர்களில் பலர் ஐயத்தோடு பார்த்தார்கள். டயர் ரப்பரில், அளவுக் கருவிகள் இல்லாத பட்டறையில், படிக்காத கைவினைஞர்கள் செய்யும் உறுப்பை மருத்துவம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி.

அந்தத் தேக்கத்தை உடைத்தவர் மருத்துவரும் இல்லை, கைவினைஞரும் இல்லை. ராஜஸ்தான் அரசில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த டி.ஆர். மேத்தா 1969ல் கார் விபத்தில் சிக்கித் தொடை எலும்பு நொறுங்கி, காலையே இழக்கும் நிலைக்குப் போய், சவாய் மான் சிங் மருத்துவமனையில் மீண்டவர். தனக்குக் கால் தப்பியது, தப்பாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மகாவீரரின் 2,500வது நிர்வாண ஆண்டையொட்டி, 1975ல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியை அவர் தொடங்கினார். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபிக்குப் பிற்காலத்தில் தலைவரானபோதும் இந்த வேலையை விடவில்லை.

சமிதியின் விதிகள் எளியவை. கால் இலவசம். எந்த நேரத்திலும் வரலாம், முன்பதிவு வேண்டாம். கூட வந்தவர்களுக்கும் தங்க இடமும் சாப்பாடும் உண்டு. அளவெடுத்து, மாவுக்கட்டில் அச்செடுத்து, கூடுமானால் அன்றே கால் பொருத்தி அனுப்பிவிட வேண்டும். வேகத்துக்குக் காரணம் உண்டு. தினக்கூலிக்காரர் ஒரு வாரம் மருத்துவமனையில் தங்கினால் அந்த வாரம் வீட்டில் அடுப்பெரியாது. செயற்கைக் கால் வாங்கப் பல நடை வரவேண்டும் என்பதுதான் அதுவரை பலரை ஊன்றுகோலோடு நிறுத்தியிருந்தது.

பாதத்துக்கு மேலுள்ள பகுதியையும் அதே கண்ணோட்டத்தோடு அமைத்தார்கள். உலோகத் தகடு அடிப்பதில் தேர்ந்த கைவினைஞர்கள் ராஜஸ்தானில் நிறைய. அலுமினியத் தகட்டை ஒவ்வொருவர் காலின் அச்சுக்கும் பொருந்தும்படி சுத்தியால் தட்டித் தட்டிக் கூடு செய்தார்கள். பிறகு வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் அந்த இடத்துக்கு வந்தது. குழாயை அடுப்பில் இளக்கி, மாவு அச்சின் மேல் இழுத்து, ஆறவிட்டால் எடை குறைந்த, வியர்வைக்குத் துருப்பிடிக்காத கூடு தயார். 1990களில் இந்தக் காலைச் செய்ய ஏறத்தாழ 30 டாலர் ஆனது. மேல்நாட்டில் செயற்கைக் கால் ஆயிரக்கணக்கான டாலர்.

இந்தப் பாதத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கற்கலாம், செய்யலாம். கால் பொருத்திக்கொள்ள வந்தவர்களில் பலர் அதே பட்டறையில் தொழில் கற்று, மற்றவர்களுக்குக் கால் செய்யும் வேலைக்கு அமர்ந்தார்கள்.

மேடையும் மிதிவெடியும்

1981ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டில் திருச்சி அருகே நடந்த ஒரு பேருந்து விபத்தில் பதின்வயதுப் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் காலில் அடிபட்டார். அழுகல் பரவியதால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் காலைப் பற்றி இதழில் படித்துவிட்டுச் சேத்தியிடம் போனார். பரதம் ஷூ போட்டு ஆடும் ஆட்டம் கிடையாது. அரைமண்டியில் கணுக்கால் மடங்க வேண்டும், தட்டடவில் உள்ளங்கால் தரையை அறைய வேண்டும், பாதம் பார்வையாளர் கண்முன் இருக்கும். விவசாயிக்கு வேண்டிய அதே தன்மைகள் ஆடுபவருக்கும் வேண்டியிருந்தன. புண்ணும் இரத்தமுமாகப் பயிற்சி செய்து, 1984ல் அவர் மீண்டும் மேடையேறினார். அவர் கதை ‘மயூரி’ என்ற தெலுங்குப் படமாக வந்தபோது அவரே நாயகியாக நடித்தார். ஜெய்ப்பூர் கால் என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் அவர் வழியாகத்தான்.

இந்தக் காலின் தேவையை மிகக் கடுமையாக உணர்த்தியவை போர்கள். ஆப்கானிஸ்தானில் விதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் பலியெடுத்தவை பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்களையும் விறகு பொறுக்கப் போனவர்களையும்தான். மலைச்சரிவில் ஏறி இறங்கவும், தொழுகையில் மண்டியிடவும் அவர்களுக்குக் கால் வேண்டும். ஜெய்ப்பூரிலிருந்து தொழில் தெரிந்தவர்கள் அங்கே போனார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலுமாக 30க்கும் மேற்பட்ட நாடுகளில் முகாம்கள் நடந்திருக்கின்றன.

இலங்கைக்கு அது 1980களின் நடுவில் வந்தது. கொழும்பில் ஜெய்ப்பூர் கால் பட்டறை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1987ல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய புனர்வாழ்வு நிலையம் உருவாயிற்று. யாழ்ப்பாணத்து வாழ்க்கையும் தரையோடு ஒட்டியதுதான். நல்லூர்க் கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது. தோட்டத்துச் செம்மண்ணில் குந்தியிருந்து வெங்காயம் நட வேண்டும், களப்பில் இறங்கி மீன் பிடிக்க வேண்டும். மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் வந்துகொண்டே இருந்த ஆண்டுகளில், வெளியிலிருந்து பொருள்கள் வருவது தடைப்பட்டு, மின்சாரமும் எரிபொருளும் அரிதாகிப்போன ஒரு குடாநாட்டில் அந்த நிலையம் இயங்க வேண்டியிருந்தது. உயர்ந்த இயந்திரங்களை நம்பாமல் கையையும் சுத்தியையும் நம்பும் தொழில்நுட்பம் எவ்வளவு பெரிய துணை என்பதை அங்கே உணர்ந்தார்கள். போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த வாசலுக்கு ஆட்கள் வருகிறார்கள். வெடியில் போன கால்களோடு இப்போது நீரிழிவில் போன கால்களும் சேர்ந்துகொண்டன.

குறைகளும் திருத்தங்களும்

ஜெய்ப்பூர் காலின் வரலாற்றை நேர்மையாகச் சொல்வதானால் அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கையால் செய்வதால் ஒரு பாதம் போல் இன்னொன்று அமையாது. தேர்ந்த கை செய்தது ஆண்டுக்கணக்கில் உழைக்கும், அவசரத்தில் செய்தது சீக்கிரம் பிளக்கும். எடையும் சற்று அதிகம். முகாமில் ஒரே நாளில் பொருத்தும்போது, நடையைச் சீர்பார்க்கும் பயிற்சிக்கு நேரம் போதாது என்ற விமர்சனமும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் போர்ப் பகுதிகளுக்கென்று பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கைக் கொண்டு வேறு வழியில் போயின. 1995ல் ஓர் ஆய்விதழில் சாக், சியாட்டில், ஜெய்ப்பூர் என்ற மூன்று பாதங்களையும் விசைத்தட்டில் நடக்கவைத்து ஒப்பிட்டார்கள். மிதிக்கும் அதிர்ச்சியை உள்வாங்குவதில் சாக் பாதம் முந்தியது. இயல்பான கால் நடைக்கு நெருங்கி வந்தது ஜெய்ப்பூர் பாதம்.

திருத்தும் வேலையும் நிற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் ராக்கெட் செய்யும் இஸ்ரோ தன் பாலியூரித்தேன் தொழில்நுட்பத்தைச் சமிதிக்குத் தந்து, எடை குறைந்த, ஒரே சீராக வார்க்கக்கூடிய பாதத்துக்கு உதவியது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்காக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சமிதியோடு சேர்ந்து விலை குறைந்த நைலான் முழங்கால் மூட்டொன்றை வடிவமைத்தார்கள். 2009ன் சிறந்த 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழைகளை மனத்தில் வைத்துச் செய்யும் தொழில்கள் பற்றி 2004ல் வெளியிட்ட நூலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு ஜெய்ப்பூர் காலையும் விரிவாக ஆராய்ந்தார். ஒரு காலத்தில் வல்லுநர்கள் நம்ப மறுத்த பட்டறை, உலகின் வணிகப் பள்ளிகளில் பாடமானது.

பெருமையைப் பங்கிட்டதில் ஒரு வருத்தமும் மிஞ்சுகிறது. மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் சேத்திக்கு வந்தன. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் டயர் கடையில் நின்று பார்த்த கண் மாஸ்டர்ஜியுடையது, பாதத்தை முதலில் வடித்த கையும் அவருடையதே. அவர் பெயர் வெளியுலகுக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. பட்டம் படித்தவர் கேள்வி கேட்கலாம், கைவேலைக்காரர் சொன்னதைச் செய்யலாம் என்று நம் ஊர்களில் ஊறிப்போன எண்ணத்தை அந்தப் பட்டறை உடைத்தது. பட்டறைக்கு வெளியே அது அவ்வளவு சுலபமாக உடையவில்லை. சேத்தி 2008 ஜனவரியில் காலமானார்.

ஜெய்ப்பூரில் வேலை இன்றும் அதே முறையில் நடக்கிறது. ஒருவர் ஊன்றுகோலோடு காலையில் உள்ளே வருகிறார். காலின் முனையில் மாவுக்கட்டு சுற்றுகிறார்கள், அது காய்ந்ததும் உருவி எடுக்கிறார்கள். இளகிய குழாயை அச்சின் மேல் இழுக்கிறார்கள், ரப்பர் பாதத்தைத் திருகிப் பொருத்துகிறார்கள், நீளத்தைச் சரிபார்க்கிறார்கள். பிறகு சோதனை. இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள், பிறகு பிடிக்காமல். கடைசியில் உட்காரச் சொல்கிறார்கள். நாற்காலி போடுவதில்லை. அவர் தயங்கி, சுவரைத் தொட்டு, மெதுவாகக் குனிந்து, தரையில் குத்தவைத்து உட்காருகிறார். ரப்பர் குதிகால் அமுங்குகிறது, கணுக்கால் மடங்குகிறது. கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறார். ஊன்றுகோல் காலையில் சாய்த்துவைத்த சுவரிலேயே நிற்கிறது.